கட்டைவிரலில் கட்டிய கயிறு

சுரக்குடியில் ஒரு கோயில் விசேஷத்துக்கு மைக்செட்டுக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கால் ஏணியில், ஒரு கால் புளியமரக் கிளையில். மேலே நிற்கும்போது நான் யார் போனையும் எடுப்பதில்லை. ஆனால் அது விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் அக்கா.

“தம்பி, அத்தான் கிளம்பிட்டாங்கடா. போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.”

குழாயை அப்படியே கிளையில் தொங்கவிட்டு இறங்கினேன்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வரேன் என்றுதான் சொல்லவேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கூடுதல். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படி இருந்துவிட்டுப் பென்ஷனோடு வருகிறவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். கல்யாணமான புதிதில் லீவு முடிந்து திரும்பும்போது வாசலில் நின்று “சரி, போறேன்” என்பார். அக்கா கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொள்வாள். “என்ன சொல்லணும்?” “போறேன்.” “என்ன சொல்லணும்?” வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். நாங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு நிற்போம். “அந்த ஊர்ல போறவன் போறேன்னுதான் சொல்லுவான், வரதை வந்தப்புறம் சொல்லிக்கலாம்” என்று அத்தான் வம்பு பண்ணுவார். கடைசியில் தோற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு “போயிட்டு வரேன், போதுமா?” என்பார். கை இறங்கும். கடைத்தெருவுக்குப் போனாலும் இந்தக் கூத்து உண்டு. அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கொஞ்சல், நாங்கள் எல்லாம் பார்க்கும்படி நடந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று “போறேன்” என்றாராம். அக்கா வழக்கம்போலக் கையை நீட்டினாளாம். அவர் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக இறக்கிவிட்டுவிட்டு, படியிறங்கிப் போய்விட்டாராம்.

“படகைக் குடுத்துட்டு வரதுக்காடா போறாங்க? எனக்கு அப்படித் தெரியல. நீ கூடப் போ. கடல்ல அவங்களைத் தனியா விடாதே” என்றாள் அக்கா.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லவேண்டும். அத்தான் ஓய்வுபெற்று ஊரோடு வந்தபின் பாண்டிச்சேரியில் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி, ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். மீன் பிடிப்பதற்கோ ஆள் ஏற்றுவதற்கோ வாங்கவில்லை. சும்மா கடலில் போய்க்கொண்டிருக்க. வெள்ளை வெளேரென்று, ஒற்றைப் பாய்மரம், உள்ளே ரயில் பெர்த் மாதிரி நாலு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு. அரசலாற்றில் விசைப்படகுகளுக்கு நடுவில் அது கல்யாண வீட்டுக்கு வழிதப்பி வந்துவிட்ட ஆள் மாதிரி நின்றது. காற்றுக்குக் கவிழாமல் இருக்க அதன் அடியில் மீனின் செட்டை போலக் கனத்த இரும்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கடலுக்கு நல்லது. எங்கள் ஆற்றுக்கு ஆகாது. தண்ணீர் வற்றும்போது அந்த இரும்பு சேற்றில் இறங்கிப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். மற்ற படகுகளைப்போல மணலில் இழுத்துப் போடவும் முடியாது. “இது படகு இல்லீங்க, வேர் விட்ட மரம்” என்பார் மண்டபத்தூர் அண்ணன். அவர்தான் அத்தானுக்கு அவ்வப்போது கைக்கு உதவியாக வருகிற மீனவர்.

அத்தானுக்கு ஒரே மகன். பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் பிள்ளையுமாகக் கரையை ஒட்டியே ராமேஸ்வரம் வரைக்கும் போவது என்று பேச்சு. அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளிக்கொண்டே போனது. பிறகு ஒரு நாள் போனில், அந்தக் கடல் உங்கள் ஆசை, என் ஆசை இல்லை, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகச் சொன்னதால் அத்தானுக்குச் சண்டை போடக்கூட இடமில்லாமல் போய்விட்டது.

அதற்கப்புறம் அவர் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. முதலில் என்னோடு பேசும் அரட்டை, பிறகு டீக்கடை, பிறகு மாதா கோயில் பூசைக்குப் போவது. கடைசியாக அக்காவோடு. “வீட்டுல ஆள் இருக்கு, குரல் இல்ல” என்பாள் அக்கா. எதை வைத்தாலும் சாப்பிடுவார். வேண்டுமென்றே ஒரு நாள் உப்பே போடாமல் குழம்பு வைத்தாளாம். அதையும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டாராம். “திட்டியிருந்தா அன்னைக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்டா” என்று சொல்லி அழுதாள். சில ராத்திரி வீட்டில் இருக்கமாட்டார். நான் போய்ப் பார்த்தால் சேற்றில் சாய்ந்துகிடக்கிற படகுக்குள், அந்தச் சாய்வுக்குத் தக்கபடி தானும் சாய்ந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். வாங்க அத்தான் என்றால் வருவார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

திடீரென்று ஒரு நாள் படகைப் பாண்டிச்சேரியில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், கொண்டுபோய் விடவேண்டும் என்றார். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடந்துகொண்டிருந்ததால் மண்டபத்தூர் அண்ணனுக்கு வேலை இல்லை. அவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நாங்கள் கொஞ்சம் சந்தோஷப்பட்டோம்கூட. சனியன் ஒழிந்தது, இனி மனுஷன் வீட்டைப் பார்த்துத் திரும்புவார் என்று நினைத்தோம்.

அக்காவின் போன் வந்து நான் ஆற்றங்கரைக்குப் போனபோது அத்தான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாண்டியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் பார்க்கவேண்டியிருக்கிறது, நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார்.

“பாண்டிக்கு பஸ் ஓடலையா?”

“ஓடுது அத்தான். கூட்டமா இருக்கு.”

அண்ணன் சிரித்துவிட்டார். “ஏறுங்க மைக்செட்டு. நடுக்கடல்ல ஒரு பாட்டுக் கச்சேரி வெச்சுருவோம்.” அத்தானும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல் எனக்குப் புதிது. கடற்கரையில் பிறந்து வளர்ந்து, மாதா தேருக்கு அலையடிக்கிற இடம்வரை குழாய் கட்டியவன்தான். ஆனால் தண்ணீரில் காலை நனைத்ததோடு சரி. தெற்கேயிருந்து வீசுகிற காற்றைச் சோழகம் என்பார்கள். அது முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டு போனது. தரங்கம்பாடியைத் தாண்டுவதற்குள் நான் மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். “நல்லா விட்டுருங்க. கடல் கணக்கு வெச்சுக்காது” என்று அண்ணன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த மனுஷனுக்கு வாயைத் திறந்தால் இப்படித்தான் ஏதாவது வரும். அதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. படித்தது எட்டாவது. மீதியெல்லாம் ஆட்கள் பேசியதைக் கேட்டுப் படித்ததுதான்.

பொழுது சாய்ந்ததும் அத்தான் உள்ளேயிருந்து மூன்று பெல்ட் எடுத்துவந்தார். மார்போடு சேர்த்து மாட்டுகிற பெல்ட், அதிலிருந்து ஒரு கயிறு. இருட்டில் எல்லோரும் மாட்டிக்கொண்டு கயிற்றைப் படகோடு கொக்கி போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு அலை போதும் என்றார். எனக்கு அவரே மாட்டி, வார் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து டையைச் சரிசெய்கிற மாதிரி. மூன்றாவது பெல்ட்டை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தனக்கு மாட்டிக்கொள்ளவில்லை.

அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். முன்பக்கம் போய், அண்ணன் காதோடு அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார். போறேன் என்ற விஷயத்தைச் சொன்னதும் “எங்க ஆளுங்க வீட்டுல அப்படிச் சொன்னா அன்னைக்குக் கடலுக்கே விடமாட்டாங்க” என்றார். பிறகு எழுந்து பின்பக்கம் போனார்.

“சொல்தா ஐயா, நீங்க மாட்டலன்னா நானும் கழட்டிருவேன். மொதலாளிக்கு இல்லாத வார் எனக்கு என்னாத்துக்கு?”

அத்தான் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். அதன் கொக்கியைப் படகில் போடுவதற்கு முன் அண்ணன் அந்தக் கயிற்றோடு ஒரு மெல்லிய நைலான் கயிற்றையும் முடிந்துவிட்டார். அதன் மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, நீட்டிப் படுத்துவிட்டார். இது என்ன என்று அத்தான் கேட்டதற்கு, பழக்கம் ஐயா என்றார். ராத்திரி வலை போட்டுவிட்டுப் படுக்கும்போது அவர்கள் வலைக்கயிற்றைக் கட்டைவிரலில் கட்டிக்கொள்வார்களாம். இழுத்தால் முழிப்பு வந்துவிடும். “கயிறு இல்லாம எனக்குத் தூக்கம் வராது” என்றார். பொய்தான். ஆனால் சொன்ன விதத்தில் பொய் இல்லை.

எனக்குத் தலையணை இல்லை. அத்தானின் பையை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கூடவே படுத்தேன். கண்ணை மட்டும் மூடவில்லை.

கரையெல்லாம் விளக்கு. பூம்புகார், திருமுல்லைவாசல் என்று அண்ணன் படுத்தபடியே விளக்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ரொம்பப் பக்கம்தான். ஒரு கோயிலில் கட்டியிருந்த குழாய்ச் சத்தம்கூடக் காற்று வாக்கில் வந்தது. யாரோ என்னைப்போல ஒருவன் மரத்தில் ஏறிக் கட்டியது. கரை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நமக்கு உதவிக்கு வராது என்று தோன்றிய ராத்திரி அது. அத்தான் சுக்கானில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். அக்கா செய்த கூத்துகளைச் சொன்னேன். ஒரு துக்க வீட்டில் மைக் ஆனில் இருப்பது தெரியாமல் நான் பிரியாணி பேசிய கதையைச் சொன்னேன். எந்த ஊரிலும் அதற்குச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. அவர் “ம்” என்றார். கிணற்றில் கல் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி நான் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை.

பழையாறு தாண்டிக் கொள்ளிடம் கலக்கிற பக்கம் வந்தபோது காற்று செத்துவிட்டது. பாய் தொளதொளவென்று தொங்கியது. அத்தான் எஞ்சினைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் அது கமறிக்கொண்டு நின்றது. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். யாரோ சின்னப் படகுக்காரர் போட்டிருந்த வலை. படகைத் தள்ளுகிற எஞ்சின் காற்றாடியில் சுற்றிக்கொண்டுவிட்டது. எதிர்ப்பக்கமோ மணல்திட்டும் அலையும். இப்படியே மிதந்தால் மணலில் கொண்டுபோய் வைத்துவிடும், அறுத்துவிட்டால்தான் ஆச்சு என்றார். கத்தியை வாயில் கவ்விக்கொண்டு சட்டையைக் கழற்றினார்.

அதற்குள் அத்தான் இறங்கிவிட்டார்.

யாரும் சொல்வதற்கு முன்னால், பின்பக்கம் தொங்குகிற ஏணியில், இன்னொரு கத்தியோடு. படகோடு போட்டிருந்த கொக்கியை அவரே கழற்றிவிட்டார். அது நீளம் பத்தாது, அடியில் போகமுடியாது. நைலான் கயிறு மட்டும்தான் மிச்சம். “அத்தான், வேண்டாம், அண்ணன் போகட்டும்” என்று நான் கையைப் பிடித்தேன். அக்காவின் கையை இறக்கிவிட்டாரே, அதேபோல என் கையையும் இறக்கிவிட்டார். “என் படகு” என்றார். தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

அண்ணன் கட்டைவிரலிலிருந்து கயிற்றைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். நான் டார்ச்சைப் பிடித்தேன். படகுக்கு அடியில் கறக் கறக்கென்று அறுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கயிறு விறைப்பாக இருந்தது. பிறகு தொய்ந்துவிட்டது.

“இழுங்கண்ணே” என்றேன்.

“பேசாம இருங்க. கயிறு பேசட்டும்.”

அது பேசவில்லை. தொய்ந்த கயிறு தண்ணீரின்மேல் வளைந்து வளைந்து கிடந்தது. நான் அருள்நிறைந்த மரியே ஜெபத்தை ஆரம்பித்துப் பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அக்காவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதை மனம் அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது. அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. கயிறு ஒரு தரம் துடித்தது. இன்னொரு தரம். பிறகு ஏணியைப் பிடித்து ஒரு கை மேலே வந்தது. அந்தக் கையில் கொத்தாக நைலான் வலை.

அண்ணனும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து மேலே தூக்கினோம். தூக்கின கையை நான் விடவில்லை. அத்தான் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். வலைக்காரருக்கு நஷ்டம், பாவம் என்றார். படகு வேலைக்காக இல்லாமல் அன்றைக்கு அவராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

போகவேண்டும் என்று நினைத்த ஆள் அந்த இருட்டிலிருந்து ஏன் திரும்பி வரவேண்டும்? நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பயம் அங்கேயே தண்ணீரில் போய்விட்டது.

கரையிலிருந்து காற்று திரும்பியது. பாய் நிமிர்ந்தது. அத்தான் துண்டைப் போர்த்திக்கொண்டு சுக்கானுக்கே வந்து உட்கார்ந்தார். அண்ணன் கயிற்றை மறுபடி கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்தார்.

“அக்கா அனுப்பிச்சாளா?” என்றார் அத்தான்.

“ஆமா அத்தான்.”

“ரெண்டு பேரும் சேந்து என்னைக் கட்டி வெச்சிருக்கீங்க.”

அண்ணனின் கால்விரல் ஒரு தரம் ஆடியது.

“பயப்படாதே மாப்ள. கடல்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அது என்னை ஒண்ணும் கேக்கல.”

“அப்ப யார்மேல அத்தான் வருத்தம்?”

அவர் பாயை அண்ணாந்து பார்த்தார். “காத்து மாறுது. அந்தக் கயித்தைக் கொஞ்சம் விட்டுப் பிடி” என்றார். நானும் விட்டுப் பிடித்தேன். கேட்ட கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன். ஆள் பேசிவிட்டாரே என்கிற சந்தோஷம். அவர் என்ன பேசினார் என்று யோசிக்க அந்தச் சந்தோஷம் இடம் கொடுக்கவில்லை.

விடிந்தபோது பாண்டிச்சேரி கலங்கரை விளக்கம் அணைகிற நேரம். துறைமுகத்துக்குள் நுழைந்து படகைக் கட்டினோம். அண்ணன் முதல் வேலையாகக் குனிந்து தன் கட்டைவிரல் கயிற்றை அவிழ்த்தார். பிறகு அத்தானின் பெல்ட்டையும் அவரே கழற்றி, கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “கரை ஏத்தியாச்சு. இனி உங்க பாடு” என்றார். விரலில் கயிறு பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சிரித்தார்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். பத்திரமாக வந்துவிட்டோம் என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தானிடம் கொடுக்கவா என்றேன். வேண்டாம், வீட்டுக்கு வரட்டும், நேரில் பேசிக்கொள்கிறேன் என்றாள். கோழி வாங்கி வைப்பதாகச் சொன்னாள்.

படகை வாங்கியவர் வந்தார். அத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு படகு முழுக்கச் சுற்றிக் காட்டினார். இந்த ஜன்னல் மழையில் ஒழுகும், இந்த அடுப்பு காற்றடித்தால் அணையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அதன் குணத்தைச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. சாவியைக் கொடுத்தார். என்னிடம் வந்து பையைக் கேட்டார். ராத்திரி முழுக்கத் தலைக்கு வைத்திருந்த பை. தூசியைத் தட்டிக் கொடுத்தேன். முகம் கழுவி வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாலு எட்டு நடந்தவர் திரும்பினார்.

“போயிட்டு வரேன் மாப்ள” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். கையிலிருந்த டீயை வைத்துவிட்டு அக்காவுக்கு மறுபடி போன் போட்டேன். “அக்கா, இப்பப் போயிட்டு வரேன்னே சொன்னாங்கக்கா” என்றேன். அவள் சிரித்தாள். வெகு நாளைக்கப்புறம் அவள் சிரித்ததைக் கேட்டேன்.

அந்த டீ ஆறிப் பாலேடு கட்டியது. இன்னொரு டீ வாங்கினோம். அண்ணன் எழுந்து தண்ணீர்க் குழாயடிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு நான் போனேன். பிறகு இரண்டு பேருமாக ஓடினோம். படகு வாங்கியவர் தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், கடற்கரை என்று சுற்றினார். அண்ணன் தண்ணீர் ஓரமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பழக்கம். வெயில் ஏறியபின் அவர் திடீரென்று நின்று, “மைக்செட்டு, அந்தப் பையில என்ன இருந்திச்சு?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. படுத்திருந்தபோது காதுக்கடியில் கெட்டியாக, சின்னப் புஸ்தகம் மாதிரி ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பாஸ்போர்ட்.

சில நாள் கழித்து ஒரு பிரான்சு நம்பரிலிருந்து அக்காவின் போனுக்கு இரண்டு வரி வந்தது. நன்றாக இருக்கிறேன், தேடவேண்டாம் என்று. மகனிடமும் போகவில்லை. மகனே பதறிப்போய் வந்துவிட்டான். வரமாட்டேன் என்றவன் வந்தான், அவர் இல்லாத வீட்டுக்கு. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சந்தையில் அத்தானைப் பார்த்ததாக எங்கள் தெருக்காரர் ஒருவர் பிறகு சொன்னார். எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தாராம். தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தாராம். அந்தத் தேங்காய்ப் பேச்சை ஏன் காதில் வாங்கினோம் என்று இருந்தது. யாருக்கு எந்தக் குழம்பு வைக்க வாங்கினார் என்று அக்கா ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தூர் அண்ணன் ஒரு தரம் அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே செருப்பின்மேல் குந்தி உட்கார்ந்தார். “தண்ணியிலதான் ஆளு போவும்னு நெனச்சேன் ஆத்தா. எங்களுக்கு அதுதான தெரியும். கயித்தைக் கரையில கட்டியிருக்கணும்” என்றார். கடல் எடுத்திருந்தால்கூட ஆளைக் கரையில் ஒதுக்கிக் கொடுத்திருக்கும், வைத்துக்கொள்ளாது என்றும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் குடிக்காமல் போய்விட்டார்.

கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போகும். அக்கா எங்கள் அப்பா அம்மா கல்லறைக்கு வருவாள். மெழுகுவர்த்தி ஒன்று மிஞ்சும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். “செத்துட்டா வெக்க இடம் இருக்கு. இதை எங்கடா வெக்கிறது?” என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் அக்கா வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் அவள் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டுகிறாள். போயிட்டு வரேன் என்று சொன்னால் விடுவதில்லை. பால்காரரிடம்கூட. “போறேன்னு சொல்லு” என்கிறாள். “போறேன்னு சொன்ன அன்னைக்குக் கடல்லேருந்தே கரை வந்தாங்க. வரேன்னு சொல்லித்தான் வராமப் போனாங்க.” தெருவில் அவளுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் என் நாக்கு அந்த வார்த்தைக்குத் திரும்ப மறுக்கிறது. போயிட்டு வரேன் என்பதற்கும் திரும்ப மறுக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து அவள் வீட்டில் சாப்பிட்டேன். மீன்குழம்பில் உப்பு இல்லை. வேண்டுமென்றே போடவில்லையா, மறந்துவிட்டாளா என்று தெரியவில்லை. “உப்பு எங்கக்கா?” என்று சத்தமாகத் திட்டினேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். கைகழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கை குறுக்கே வந்தது. வண்டிச் சாவியைத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே வந்து மறுபடி உட்கார்ந்தேன்.